பக்கவாட்டில் இறங்குதல்

ஸ்கீயில் பழகிய உடம்பு எப்போதும் பள்ளத்தைப் பார்த்தே நிற்கும். கால்கள் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருக்க, இடுப்புக்கு மேலே நெஞ்சும் தோளும் முகமும் மட்டும் கீழ்நோக்கியபடி அமைதியாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு இது வராது. கால் எந்தப் பக்கம் திரும்புகிறதோ தோளும் அந்தப் பக்கமே போய்விடும். அடுத்த திருப்பத்துக்குத் தோளை மறுபடி இழுத்துவர வேண்டும். அதற்குள் வேகம் கைமீறிவிடும். பல பனிக்காலங்கள் கழித்து, எந்த நாளில் என்று சொல்லமுடியாதபடி, இடுப்புக்குக் கீழே ஓர் உடம்பும் மேலே ஓர் உடம்புமாகப் பிரிந்து இயங்கத் தொடங்குகிறது. அதன் பிறகுதான் மலை கொஞ்சம் இணங்கி வருகிறது.

ஸ்னோபோர்டில் ஏறும் ஸ்கீக்காரரிடமிருந்து முதலில் பறிபோவது இந்தப் பிரிவுதான். இரண்டு கால்களும் ஒரே பலகையில் குறுக்காகப் பூட்டப்படுகின்றன. இடதுகால் முன்னுக்கு நின்றால் ரெகுலர், வலதுகால் என்றால் கூஃபி. உடம்பு பக்கவாட்டாக நிற்க, தலை மட்டும் முன்தோளுக்கு மேலாகத் திரும்பி வழி பார்க்கிறது. தோள்கள் பலகையின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். பழைய பழக்கத்தில் நெஞ்சைப் பள்ளத்தை நோக்கித் திருப்பினால் இடுப்பு முறுகி, பின்கால் பலகையின் வாலைத் தள்ளிவிட, திருப்பம் பாதியிலேயே வெறும் வழுக்கலாகிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற மிக நுட்பமான பழக்கம் எதுவோ, அதுவே இங்கே குறையாகிறது. சுமாராக ஸ்கீ ஓட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. நன்றாக ஓட்டுகிறவருக்குத்தான் அதிகம்.

கைகளில் ஊன்றுகோல் இல்லை. விளிம்புகளும் குறைந்துவிடுகின்றன. ஸ்கீக்கு நான்கு எஃகு விளிம்புகள். ஒன்று தவறினால் இன்னொன்று தாங்கும். பலகைக்கு இரண்டுதான்: குதிகால் பக்கம் ஒன்று, விரல் பக்கம் ஒன்று. ஒரு நேரத்தில் ஏதோ ஒன்றில்தான் நிற்கமுடியும். சரிவின் மேற்பக்கத்து விளிம்பில் நிற்கும்வரை ஆபத்தில்லை. கீழ்ப்பக்கத்து விளிம்பு தற்செயலாகப் பனியில் குத்திவிட்டால் பலகை அங்கேயே நின்றுவிடும், உடம்பு நிற்காது. முன்னறிவிப்பே இல்லாமல், நின்ற உயரத்திலிருந்து, முகம் குப்புறவோ பிடரி அடிபடவோ விழுத்தாட்டிவிடும். வேகத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும்போதுகூட நடக்கும்.

விழுகிற விதமும் வேறு. ஸ்கீயில் கால் முறுகினால் காலணியைப் பிணைத்திருக்கும் பைண்டிங் கழன்று பாதத்தை விடுவிக்கும். அப்படிக் கழலாத நேரங்களில் முழங்காலின் தசைநார் அறுகிறது. ஊன்றுகோலைப் பிடித்தபடி விழுவதால் கட்டைவிரல் பிசகுகிறது. ஸ்னோபோர்டின் பைண்டிங் கழலாது. ஆனால் இரு கால்களும் ஒரே தளத்தில் பூட்டியிருப்பதால் ஒரு முழங்கால் தனியே முறுகும் ஆபத்து குறைந்து, அந்த அடியை மணிக்கட்டு வாங்கிக்கொள்கிறது. தொடக்கக்காரர்களுக்கு அங்கேதான் எலும்பு முறிகிறது. அதனால் கையை விரித்து ஊன்றாமல், விரல்களை முஷ்டியாக மடக்கி, முன்கையால் விழப் பழகச் சொல்கிறார்கள். மணிக்கட்டுக் கவசம் விற்கிறார்கள், வாடகைக்கும் தருகிறார்கள். ஸ்கீயிலிருந்து வருகிற நடுவயதுக்காரர்கள் யாராக இருந்தாலும் அதை அணிந்தே ஏறவேண்டும் என்பதை இந்தக் கட்டுரையின் எந்த வரியையும்விட அழுத்தமாகச் சொல்வேன்.

ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே இரண்டு மணிநேரம் போனால் ஜோர்ஜியன் குடாவை ஒட்டிய குன்றுகள் வரும். உயரம் பெரிதில்லை. பனியில் பெரும்பங்கு இயந்திரம் தூவியது. இரவில் இறுகிப் பகலில் தேய்ந்து, பிற்பகலில் சில இடங்கள் கண்ணாடியாகவே ஆகிவிடும். இந்த நாட்டில் வளரும் எங்கள் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துப் பேருந்தில் போய் இப்படிப்பட்ட குன்றுகளில்தான் பனியைப் பழகுகிறார்கள். என் அக்காவின் மகளும் அப்படிப் பழகியவள். ஸ்கீயை அவள் தொட்டதேயில்லை. முதல் நாளிலிருந்தே பலகைதான். அங்கே ஒரு பிற்பகலில் எனக்கு ஸ்னோபோர்ட் காட்டித்தந்தவளும் அவள்தான்.

"பின்னுக்குச் சாயாதேங்கோ மாமா," என்றாள். "பயந்தா எல்லாரும் பின்னுக்குத்தான் சாய்வினம். சாஞ்சா பலகை உங்கட சொல்லுக் கேக்காது. முன்காலிலை நில்லுங்கோ."

இதே வார்த்தைகளை நான் வேறு பலருக்கு ஸ்கீயில் சொல்லியிருக்கிறேன். பயம் உடம்பை மலைப்பக்கம் இழுக்கும், இழுத்தால் ஸ்கீயின் முன்பாகம் பனியைப் பற்றாது, பற்றாவிட்டால் திரும்பமுடியாது, ஆகவே எதற்குப் பயப்படுகிறாயோ அதற்கே உன்னைக் கொடு, கணுக்காலை முன்னே சாய்த்துக் காலணியின் நாக்கில் அழுத்து என்று. இரண்டு கருவிக்கும் விதி ஒன்றுதான். விதியைப் பற்றி அவளுக்கும் எனக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. அவள் சொல்லி முடிக்கு முன்பே தலையாட்டினேன். தலையாட்டியபடியே உடம்பு பின்னுக்குச் சாய்ந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு எழுதத் தோன்றியது. சறுக்கலே தெரியாத ஒருவர் முதன்முதலாகப் பலகையில் ஏறும்போது எல்லாமே இருட்டு. பனி எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கும் என்று தெரியாது. ஏன் விழுந்தோம் என்பதும் தெரியாது. ஸ்கீக்காரருக்கோ எல்லாம் தெரிகிறது. முன்னால் சாம்பல் நிறத்தில் மினுங்குவது பனிக்கட்டி என்று தெரிகிறது. ஓரத்தில் குவிந்திருக்கும் தளர்பனியில் போனால் வேகம் குறையும் என்று தெரிகிறது. மேகம் மூடி மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நேரத்தில் மரங்களின் பக்கம் ஒதுங்கவேண்டும் என்று தெரிகிறது. மேலேயிருந்து வருகிற பையன் இன்னும் சில நொடிகளில் தன்னைக் குறுக்கே வெட்டப்போகிறான் என்பதுகூடத் தெரிகிறது. விழப்போவதும் விழுவதற்குச் சற்று முன்பே தெரிகிறது. தெரிந்து என்ன? கண் சொல்வதைச் செய்ய அவருக்கு இப்போது கால்கள் இல்லை.

ஒவ்வொரு திருப்பத்திலும் பலகை நேரே கீழ்நோக்கி நிற்கிற கணம் ஒன்று உண்டு. தண்ணீரை ஊற்றினால் எந்த வழியாக ஓடுமோ அந்த வழியில் முனை திரும்பிவிட்டது. பழைய விளிம்பை விட்டாயிற்று, புதிய விளிம்பு இன்னும் பிடிக்கவில்லை. ஸ்கீக்காரருக்கு இந்தக் கணம் புதிதல்ல. இதற்காகத்தான் அவர் அதிகாலையில் எழுந்து இத்தனை தூரம் வருகிறார். எடை முழுவதும் உடம்பைவிட்டு இறங்கி, அடுத்த வளைவு தானாக வந்து பாதத்தின் கீழே சேர்கிற கணம் அது. அதைத் தவிர்க்கப் பார்ப்பவர்தான் விழுவார் என்பதும் அவருக்கு மனப்பாடம். பலகையில் அந்தக் கணம் வரும்போது, அதன் இன்பம் முழுவதையும் அறிந்த ஒருவர், அறிந்தபடியே இறுகிப்போய்க் குதிகாலில் அமர்ந்துவிடுகிறார். விரல் விளிம்புக்கு மாறுவதென்றால் பள்ளத்துக்கு முதுகைக் காட்டவேண்டும். இத்தனை ஆண்டுகளில் ஸ்கீ ஒருநாளும் அவரிடம் கேட்காத ஒன்று இது.

'எனக்குப் பனிச்சறுக்குத் தெரியும்' என்று நாம் சொல்லும்போது ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். மலையை அறிவது, அந்த மலையில் என்னைக் கொண்டுநடத்துவது என்று அதற்குள் இரண்டு இருக்கின்றன. ஒரே கருவியில் இருக்கும்வரை அவை ஒட்டியே கிடக்கின்றன. நகமும் சதையும்போல, எது எங்கே முடிகிறது என்று தெரியாது. கருவியை மாற்றினால்தான் பிரிகின்றன. பிரியும்போது வலிக்கவும் செய்கிறது. அந்த வலி விழுந்து எழும் வலியிலிருந்து வேறானது.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு மிகவும் உதவியவர் நிகொலாய் பேர்ன்ஸ்டைன் என்ற சோவியத் உடலியலாளர். 1896இல் பிறந்து 1966இல் இறந்தவர். 1920களில் மொஸ்கோவில், உழைப்பை ஆராய்வதற்கென்றே அமைந்த மத்திய நிறுவனம் ஒன்றில், உளியின் தலையில் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளிகளின் மூட்டுகளில் சிறு மின்விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். கைதேர்ந்தவர் ஒவ்வொரு அடியையும் அச்சுப்பிசகாமல் ஒரேமாதிரி அடிப்பார் என்றுதானே நாம் எண்ணுவோம்? படத்தில் தெரிந்தது வேறு. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அடிக்கு அடி வேறுவேறு வழியில் போயின. சுத்தியலின் தலை மட்டும் ஏறக்குறைய ஒரே வழியில் வந்து இறங்கியது. ஒரு மூட்டின் பிழையை இன்னொரு மூட்டு அந்த நொடியிலேயே சரிசெய்துகொண்டிருந்தது. பயிற்சியில் நாம் திரும்பத்திரும்பச் செய்வது ஓர் அசைவை மனனம் பண்ணுவது இல்லை, ஒரு கணக்கை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுவது என்ற முடிவுக்கு அவர் வந்தார். தொடக்கக்காரர் பற்றியும் அவர் கூர்மையாகக் கவனித்திருக்கிறார். உடம்பில் அசையக்கூடிய மூட்டுகள் மிக அதிகம்; எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆளமுடியாததால் புதியவர் பெரும்பாலானவற்றை இறுக்கிப் பூட்டிவிடுகிறார். பழகப் பழக ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். கடைசிக் கட்டத்தில் புறவிசைகளையே தனக்கு வேலை செய்ய வைக்கிறார்.

எந்தத் தொடக்கச் சரிவிலும் போய் நின்று பாருங்கள், பேர்ன்ஸ்டைன் சொன்னது அப்படியே கண்முன் நடக்கும். முழங்கால் விறைத்து, கைகள் விரிந்து, கழுத்து நேராக, மரச்சிற்பங்களாக இறங்கி வருவார்கள். அவர்களிடையே நல்ல ஸ்கீக்காரர் ஒருவர் முதன்முதலாகப் பலகையில் வந்தால் அவரும் அப்படித்தான் வருவார். அவருடைய சுத்தியலின் தலை மாறவில்லை; அதே மலை, அதே வளைவு, அதே நேர்கோடு. அங்கே போய்ச்சேர அவர் பயன்படுத்திவந்த மூட்டுகளைத்தான் யாரோ கட்டிவிட்டார்கள். இரண்டு கால்களுக்கிடையே எடையை மாற்றி மாற்றிப் போட்ட கணக்கு, இப்போது குதிகாலுக்கும் விரலுக்கும் இடையே, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே போடவேண்டிய கணக்காகிவிட்டது. விடை தெரியும், வழி தெரியாது. வெறும் புதியவருக்கு இல்லாத ஒரு சொத்து இது என்றே நான் நினைக்கிறேன். என் மருமகளின் சிநேகிதப் பிள்ளைகள் சிலர் எந்தத் திருப்பம் நன்றாக வந்தது, எது தற்செயலாக வந்தது என்று அறியாமல் நாள்முழுக்க இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஸ்கீக்காரருக்கு அந்த ஐயம் எழுவதேயில்லை. சரியான ஒரு வளைவு வந்துவிட்டால், அரைநொடிதான் என்றாலும், பாதத்தின் அடியில் அதை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்.

இரண்டு உடம்பையும் ஒருசேர வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். 2018 பெப்ரவரி 17 அன்று தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான சூப்பர்-ஜி ஸ்கீ ஓட்டத்தில் முன்னணி வீராங்கனைகள் எல்லோரும் இறங்கி முடிந்து, ஆஸ்திரியாவின் அன்னா ஃபைத்துக்குத்தான் தங்கம் என்று தொலைக்காட்சிகளே சொல்லிவிட்டன. அப்போது 26ஆவது இலக்கம் அணிந்து இறங்கினார் செக் நாட்டின் எஸ்டெர் லெடெட்ஸ்கா. ஸ்னோபோர்டில்தான் உலகம் அவரை அறிந்திருந்தது. 0.01 வினாடி வித்தியாசத்தில் அவர் முந்தியிருந்தார். முடிவுக்கோட்டில் அறிவிப்புப் பலகையில் மின்னும் எண்ணைப் பார்த்து, ஏதோ தவறு நடந்துவிட்டது, சரிசெய்துவிடுவார்கள் என்று காத்திருப்பவர்போல நெடுநேரம் அசையாமல் நின்றார். ஒரு வாரம் கழித்து, 24ஆம் திகதி, ஸ்னோபோர்டின் இணை மாபெரும் ஸ்லாலோமில் ஜெர்மனியின் செலினா யோர்க்கை வென்று இரண்டாவது தங்கம் பெற்றார். வெவ்வேறு கருவிகளில், ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில், இரண்டு விளையாட்டுகளில் தங்கம் வென்ற முதல் ஆள் அவர்.

அவருடைய வெற்றியைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. அவர் ஓட்டும் பந்தயப் பலகை, குன்றுகளில் வாடகைக்குக் கிடைக்கும் பலகை இல்லை. நீளமானது, ஒடுக்கமானது. காலணி ஸ்கீக் காலணி மாதிரியே கடினமானது. பாதங்கள் இரண்டும் குறுக்காக நிற்காமல் பலகையின் முனையை நோக்கி வெகுவாகத் திரும்பியிருக்கும். ஆகவே நெஞ்சும் முன்னோக்கித் திரும்புகிறது. ஸ்கீக்கும் மென்காலணிப் பலகைக்கும் நடுவே ஒரு வீடு அது. ஆனாலும் ஊன்றுகோல் கிடையாது, விளிம்பு இரண்டுதான், விரல்பக்க வளைவும் குதிகால்பக்க வளைவும் இருவேறு அசைவுகள்தான். சின்ன வயதிலேயே இரண்டையும் தொடங்கி, ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொன்னவர்களுக்கு இணங்காமல் வளர்ந்தவர் அவர். அந்தப் பிடிவாதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு துறையில் மேலே போக மற்றதைக் கைவிடவேண்டும் என்பதைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்ட பயிற்சி உலகத்தில், இரண்டு கணக்குகளையும் ஒரே உடம்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

மலைக்கு ஸ்னோபோர்ட் சண்டையாகத்தான் வந்து சேர்ந்தது. 1965 கிறிஸ்துமஸ் நாளில் மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகனில் ஷெர்மன் பொப்பன் என்பவர் தன் பெண்பிள்ளைகளுக்காக இரண்டு ஸ்கீகளைச் சேர்த்துப் பூட்டி ஒரு பலகை செய்தார். ஸ்னர்ஃபர் என்ற பெயரில் அது கடைகளுக்கு வந்தது. பைண்டிங் கிடையாது, முனையில் ஒரு கயிறு. அதைப் பதின்ம வயதில் வாங்கியவர்களில் ஒருவர் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்ட்டர். அவர் ஸ்கீக்காரர். கொலராடோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கீ அணியில் சேரும் எண்ணத்தோடு போய், கார் விபத்தில் காறையெலும்பு முறிந்து போட்டி வாழ்க்கையை இழந்தவர். 1977இல் வெர்மொண்டின் லண்டன்டெரியில் பலகை செய்து விற்கத் தொடங்கினார். விற்ற பலகையை ஓட்டுவதற்கு மலை கிடைக்கவில்லை. பெரும்பாலான ஸ்கீ மையங்கள் பலகைக்காரரை லிஃப்டில் ஏற்றவில்லை. 1983இல் வெர்மொண்டின் ஸ்ட்ராட்டன் மலை கதவைத் திறந்தது. பதினைந்து ஆண்டுகளில், 1998 நாகானோவில், ஒலிம்பிக்கே திறந்தது.

இன்றைக்கும் அமெரிக்காவில் மூன்று மலைகள் மறுக்கின்றன: யூட்டாவின் ஆல்ட்டா, டியர் வேலி, வெர்மொண்டின் மேட் ரிவர் கிளென். ஆல்ட்டாவுக்கு எதிராக 2014இல் பலகைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த மலையின் பெரும்பகுதி அரசின் வனநிலம், எனவே தடை சமத்துவத்துக்கு எதிரானது என்பது அவர்கள் வாதம். தனியார் நிறுவனம் ஒன்றின் முடிவை அரசின் செயலாகக் கொள்ளமுடியாது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. தடைக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று உண்மையானது. பலகைக்காரருக்கு முதுகுப்பக்கம் தெரியாது. குதிகால் விளிம்பில் திரும்பும்போது போகும் பக்கத்துக்கு அவருடைய முதுகுதான் முதலில் போகிறது. பின்னால் வரும் ஸ்கீக்காரர் அதை எதிர்பார்க்கமாட்டார். இதை நான் சின்ன விஷயமாகக் கருதவில்லை. ஆனால் எதிர்பார்க்காததற்குக் காரணம், அந்த உடம்புக்குள் ஒருநாளும் நின்று பார்க்காததுதான். ஒரு பகல் பலகையில் விழுந்து எழுந்த ஸ்கீக்காரர், அடுத்த நாள் சரிவில் பலகைக்காரரின் தோளைப் பார்த்தே அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்லிவிடுவார். தானாகவே இடம் விடுவார். தடையை ஆதரிக்கிறவர்கள் அந்த ஒரு பகலைச் செலவழித்துவிட்டு வந்து பேசலாம்.

கார்ப்பென்ட்டரின் வாழ்வில் பின்னாளில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 2015இல் மில்லர் ஃபிஷர் என்ற அரிதான நரம்பு நோய் அவரைத் தாக்கியது. வாரக்கணக்கில் உடம்பு முழுவதும் செயலற்றுக் கிடந்தார். அறிவு தெளிவாகவே இருந்தது. பிறகு விழுங்குவதிலிருந்து நடப்பதுவரை ஒவ்வொன்றாகத் திரும்பப் பழகி, மறுபடி பனிக்கு வந்தார். 2019இல் இறந்தார். உலகத்துக்குப் பக்கவாட்டில் நிற்கக் கற்றுத்தந்த மனிதர், அறிந்தும் செய்யமுடியாத நிலையை அதன் கடைசி எல்லைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

ஜோர்ஜியன் குடாப் பக்கத்துச் சரிவில் அந்தப் பிற்பகல் எனக்கு வாய்த்தது சொற்பம். குதிகால் விளிம்பில் இடமும் வலமுமாக ஆடி ஆடி இறங்குவது வசப்பட்டது. விரல் விளிம்பில் சில வளைவுகள் கிடைத்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொடர்ந்து போவது மருமகள் முன்னே போய்க் கைகாட்டியபோது மட்டும் நடந்தது. ஸ்கீக்குத் திரும்பிய நாளில்தான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் சற்று முன்னே, வளையப்போகும் பக்கத்துக் கை தானாக முன்னே போய் ஊன்றுகோலின் நுனியால் பனியைத் தொட்டது. தொட்ட பிறகுதான் இடுப்பு நகர்ந்தது. ஆண்டுக்கணக்கில் அந்தக் கை இதைச் செய்துவந்திருக்கவேண்டும். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இடது கை சரியான நேரத்தில் போனது. வலது கை ஒரு துளி தாமதம், அதனால் என் இடது வளைவுகளைவிட வலது வளைவுகள் எப்போதும் கொஞ்சம் அகலமாகவே விழுந்திருக்கின்றன. இப்போது அந்த வலது கையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.